வீட்டு விலையோடு பள்ளிக்கூடத்தையும் விலை பேசலாமா?





அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் எழுப்பும் கேள்வி, "அந்தத் தெரு எந்த உயர்நிலைப் பள்ளியில் சேரும்?" என்பதே. படுக்கையறைகளின் எண்ணிக்கையும் பள்ளிவாசலின் தொலைவும் அதற்குப் பின்னரே விசாரிக்கப்படுகின்றன. பெற்ற பிள்ளைக்கு நல்ல கல்வி தேடுவதில் குற்றம் ஏதுமில்லை; அது நம்மீதுள்ள கடமையும்கூட. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தொடும் பேச்சு எழுந்த மறுகணமே, நேற்றுவரை நியாயம் பேசியவர்களும் குரலை உயர்த்திக்கொண்டு எதிர்த்து நிற்கிறார்கள். அவ்வாறு எதிர்த்து நிற்பது நியாயமா என்பதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

அந்நாட்டின் அரசுப் பள்ளிகளைப் 'பள்ளி மாவட்டம்' என்னும் அமைப்புகள் நிர்வகிக்கின்றன. நாடெங்கும் சுமார் 13,000 மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலான மாவட்டங்கள் தம் நிலப்பரப்பைக் கோடு கிழித்துப் பிரித்து, இந்தத் தெருவின் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு, அந்தத் தெருவின் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு என்று ஒதுக்குகின்றன. இதுவே சேர்க்கை எல்லை. ஒரு பள்ளியில் நெரிசல் மிகுந்து இன்னொன்றில் இடம் காலியாகக் கிடக்கும்போதும், புதிய பள்ளி ஒன்று திறக்கப்படும்போதும் கல்வி வாரியம் இந்த எல்லையைத் திருத்தி வரைய வேண்டியதாகிறது. அப்போதெல்லாம் கூட்ட அரங்குகள் நிரம்பி வழிகின்றன. கண்டனக் கடிதங்கள் குவிகின்றன.

நாம் சொல்ல வருவது இதுதான்: சேர்க்கை எல்லை பொதுமக்களின் பொருள். பொது நன்மைக்காக அதைத் திருத்தும் உரிமை ஊருக்கு உண்டு. வசதியான பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்கியவர் அந்தப் பள்ளியையும் சேர்த்து வாங்கிவிட்டதாக எண்ணுவது அநீதியின் தொடக்கம்.

நாகரிகம் பேசிய ஊரில் நடந்தது

மேரிலாந்து மாநிலத்தில் ஹோவர்டு கவுன்ட்டி என்றொரு பகுதி உண்டு. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் அமைந்த செல்வச் செழிப்பான பகுதி. அதன் நடுவே இருக்கும் கொலம்பியா நகரை ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் 1967-இல் தோற்றுவித்தார். பல இனத்தாரும் பல வருமானத்தாரும் அடுத்தடுத்து வாழ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நம் நாட்டிலிருந்து சென்றவர்கள் உட்பட ஆசியக் குடும்பங்கள் பலவும் அங்கே வாழ்கின்றன. 'நாகரிகத்தைத் தேர்ந்தெடுங்கள்' என்ற வாசகத்தைக் கார்களின் பின்புறம் ஒட்டிக்கொண்டு பெருமையோடு வாழும் மக்கள் அவர்கள்.

2019 ஆகஸ்ட்டில் அங்குள்ள பள்ளிக் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஏறத்தாழ 7,400 மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்ற வேண்டும். அதனால் நெரிசல் குறையும். ஏழைப் பிள்ளைகள் ஒருசில பள்ளிகளில் மட்டும் குவிந்து கிடப்பதும் குறையும் என்றார். அவ்வளவுதான், ஊர் கொந்தளித்தது. பதாகைகள் ஏந்தி ஊர்வலம் சென்றனர். கசப்பும் வசையும் கலந்த கடிதங்கள் வாரியத்துக்கு வந்து சேர்ந்தன. எதிர்த்தவர்களில் வெள்ளையரும் இருந்தனர், ஆசியரும் இருந்தனர். கடைசியில் நவம்பர் மாதம் ஏறத்தாழ 5,400 மாணவர்களை மாற்றும் சுருங்கிய திட்டத்தையே வாரியம் ஏற்றுக்கொண்டது.

ஏழையோடு சேர்ந்து வாழ்வோம் என்று வாகனத்தில் எழுதி ஒட்டுவது எளிது. அந்த ஏழையின் பிள்ளை படிக்கும் வகுப்பில் நம் பிள்ளையையும் அமர்த்துங்கள் என்று கேட்கும்போதுதான் மனிதனின் உண்மை முகம் வெளிப்படுகிறது.

இந்தக் கோட்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற பிரவுன் வழக்கு அது. 1971-இல் வந்த ஸ்வான் வழக்கில் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது: பிரிவினையை ஒழிக்கச் சேர்க்கை எல்லைகளை மாற்றலாம், பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றது.

அதன்பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1974-இல் டெட்ராய்ட் நகரைப் பற்றிய மில்லிக்கன் வழக்கில், நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் மாவட்ட எல்லை தாண்டி ஒன்றுசேர்க்க இயலாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வெள்ளையர் மிகுந்த 53 புறநகர் மாவட்டங்கள் அந்தத் திட்டத்திலிருந்து விடுபட்டன. இவ்வழியே சென்றால் பெருநகரங்கள் இரண்டிரண்டு நகரங்களாகப் பிளவுபடும், மக்கள் பின்னாளில் இதற்காக வருந்துவார்கள் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களைப் பற்றிய வழக்கில், தனித்தனி மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதும் தடை செய்யப்பட்டது. அதுவும் 5-க்கு 4.

ஆயினும் அந்தத் தீர்ப்பில் பெரும்பான்மையோடு சேர்ந்து வாக்களித்த நீதிபதி ஆன்டனி கென்னடி, ஒரு கதவைத் திறந்தே வைத்தார். குடியிருப்புகளின் தன்மையை அறிந்து சேர்க்கை எல்லைகளை வரைவதும், புதிய பள்ளி அமையும் இடத்தை அவ்வாறே தேர்ந்தெடுப்பதும் செல்லும் என்று எழுதினார்.

எனவே, சகோதரர்களே, மாவட்டம் தாண்டக் கூடாது, மாணவரின் இனம் பார்க்கக் கூடாது என்று வழிகள் அடைபட்ட பின்னர் எஞ்சி நிற்கும் முக்கியமான கருவி இந்தக் கோடுதான். அதையும் தொடாதே என்பவர், பிரிவினை அப்படியே இருக்கட்டும் என்றே சொல்கிறார், வாயால் சொல்லாவிட்டாலும்.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

"இந்தப் பள்ளிக்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்து வீடு வாங்கினோம்" என்பது முதல் வாதம். உண்மைதான், விலை கொடுத்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேர்க்கை எல்லையின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டுப் பொருளியல் அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் சுமார் 2.5 விழுக்காடு அதிக விலை தருகிறார்கள் என்று அதில் கண்டார். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது வீட்டை விற்றவரின் கைக்கு. பள்ளியைக் கட்டியதும் ஆசிரியருக்கு ஊதியம் தருவதும் எல்லாரும் செலுத்தும் வரி. வாடகை வீட்டில் இருப்பவரும் அந்த வரியைத் தம் வாடகையின் வழியே செலுத்துகிறார். ஊரார் பணத்தில் வெட்டிய குளத்துக்கு, கரையில் மனை வாங்கியவர் வேலி போட முடியுமா?

"பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிக்கே செல்லட்டும்" என்பது இரண்டாவது வாதம். கேட்பதற்கு இனிமையானது. ஆனால் கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் வீட்டருகிலேயே ஒரு பள்ளி இருந்தது. அது வெள்ளையர் பள்ளி என்பதால், அவள் ரயில் தண்டவாளங்களைக் கடந்து சென்று பேருந்து பிடித்துத் தொலைவிலிருந்த கறுப்பினப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அன்று அருகிலுள்ள பள்ளி என்ற தத்துவம் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. பிரித்து வைக்க ஓடிய பேருந்து உறுத்தவில்லை. சேர்த்து வைக்க ஓடும் பேருந்து மட்டும் உறுத்துகிறது.

மேலும், அந்த 'அருகு' எப்படி உருவானது? 1930-களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டது. அத்தகைய பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. அநீதியால் வரையப்பட்ட குடியிருப்பின் மேல் பள்ளி எல்லையையும் அப்படியே படியவைத்துவிட்டு, இது இயற்கையாக அமைந்தது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

"ஏழைப் பள்ளிகளுக்குப் பணம் கொடுங்கள், பிள்ளைகளை மாற்றாதீர்கள்" என்பது மூன்றாவது வாதம். பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பணம் மட்டும் போதுமா? ஹோவர்டுக்கு அடுத்துள்ள மாண்ட்கோமரி கவுன்ட்டியில் ஹெதர் ஷ்வார்ட்ஸ் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அரசு வீடுகளில் குடியமர்த்தப்பட்ட ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் வறுமை குறைந்த தொடக்கப் பள்ளிகளுக்கும், சிலர் வறுமை மிகுந்த பள்ளிகளுக்கும் சென்றனர். எந்த வீடு கிடைக்கும் என்பதைக் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வறுமை மிகுந்த பள்ளிகளுக்கு மாவட்டம் கூடுதல் நிதியும் அளித்தது. அப்படியிருந்தும், வறுமை குறைந்த பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகளே சில ஆண்டுகளில் முன்னேறி நின்றனர். கணக்கில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது.

"எங்கள் பிள்ளைகளின் தரம் குறையும்" என்பது நான்காவது. எல்லா வாதங்களுக்கும் அடியில் ஒளிந்திருப்பதும் இதுவே. பள்ளி ஒருங்கிணைப்பின் காலத்தில் படித்தவர்களை அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து ஆராய்ந்த ருக்கர் ஜான்சன், தம் முடிவுகளை 2019-இல் நூலாக வெளியிட்டார். கறுப்பின மாணவர்களின் கல்வியும் வருமானமும் உயர்ந்தன; வெள்ளையின மாணவர்களுக்கு அதனால் இழப்பு ஏற்படவில்லை என்பதே அவருடைய முடிவு.

சேர்த்ததும் பிரித்ததும்

வட கரோலினாவின் சார்லட் நகரம் ஸ்வான் தீர்ப்புக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் கலந்தே படிக்க வைத்தது. 1984-இல் அங்கு வந்த அதிபர் ரேகன் அந்தத் திட்டத்தைப் பழித்துப் பேசியபோது கூட்டம் அமைதியாக இருந்தது. நீங்கள் சொன்னது தவறு என்று மறுநாளே அவ்வூர் நாளிதழ் தலையங்கம் எழுதியது. பிறகு ஒரு வழக்கில் நீதிமன்ற ஆணை நீங்கியது. 2002 முதல் குடியிருப்பை ஒட்டிய புதிய எல்லைகள் வந்தன. அந்தப் புதுக் கோடுகளின் இருபுறமும் வாழ்ந்த மாணவர்களை ஒப்பிட்டு மூன்று பொருளியல் அறிஞர்கள் 2014-இல் ஆய்வு வெளியிட்டனர். சிறுபான்மையினர் மிகுந்து குவிந்த பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டவர்கள், எந்த இனத்தாராயினும், உயர்நிலைத் தேர்வில் பின்தங்கினர். சிறுபான்மை ஆண் பிள்ளைகள் குற்ற வழக்குகளில் சிக்குவதும் அதிகரித்தது. ஒரே குடியிருப்பு, ஒரே வகையான குடும்பங்கள், நடுவே ஒரு கோடு. வாழ்க்கை வெவ்வேறாகிப் போனது.

நியாயமான அச்சங்களும் உண்டு

எதிர்ப்பவர் எல்லாரும் இனவெறியர் என்று நாம் சொல்லவில்லை. 1974-இல் போஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் சென்ற பேருந்துகள் மீது கல் விழுந்தது. அங்கே ஏழை வெள்ளையரின் தென் பாஸ்டனும் ஏழைக் கறுப்பினத்தாரின் ராக்ஸ்பரியும் இணைக்கப்பட்டன. செல்வர்களின் புறநகரோ நிம்மதியாக வேடிக்கை பார்த்தது. பிரவுன் தீர்ப்புக்குப் பின் தென் மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. வேலை இழந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்களே. சுமையை எப்போதும் ஏழையின் தோளிலேயே ஏற்றுவது சீர்திருத்தம் ஆகாது.

ஆகவே கல்வி வாரியங்களிடம் நாம் கேட்பது: இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாக இடம் மாறட்டும். உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டுகளில் இருப்பவர்கள் அங்கேயே முடிக்கட்டும். பயண நேரத்துக்கு ஒரு வரம்பு இருக்கட்டும். கூட்டத்துக்கு வந்து உரக்கப் பேச நேரமும் மொழியும் இல்லாத, இரவு வேலை பார்க்கும் பெற்றோரின் வீட்டு வாசலுக்கு வாரியமே சென்று கருத்துக் கேட்கட்டும்.

நமக்கு இதில் என்ன?

அங்கே வாழும் நம் சகோதரர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆசியர்களுக்கு அந்நாட்டின் வாசலை அகலத் திறந்தது 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், அந்தப் போராட்டம் எழுப்பிய நியாய உணர்வின் விளைவாகவே அந்தச் சட்டம் பிறந்தது. அடிபட்டவர்கள் திறந்துவிட்ட கதவின் வழியே உள்ளே நுழைந்தவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் பள்ளிக்கு வரும்போது கதவைச் சாத்தலாமா?

பொதுப் பள்ளி என்பது ஓர் ஊர் தன் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து வைத்திருக்கும் அமானிதம். அதை நம் வீட்டின் சந்தை மதிப்புக்குக் காவல் நிற்க வைக்கும் உரிமை நமக்கில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் எல்லை மாற்றம் பற்றிய கூட்டம் அறிவிக்கப்பட்டால், பதாகை எழுதும் முன் ஒரு நாள், கோட்டுக்கு அப்பால் உள்ள பள்ளியின் வாசலில் போய் நின்று பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் வெளியே வருபவர்களும் பிள்ளைகள்தாம்.

சிந்திப்போம்.