வலையில் வந்ததும் திருப்பிப் போட்டதும்

சென்ற கோடையில் நாமும் விடுமுறைக்குப் போனோம். இரண்டு குடும்பம், ஏழு பேர். சிசிலியின் தென்கிழக்குக் கரையில் ஆறு நாட்கள். காலையில் வழிகாட்டியோடு கூட்டமாகக் கயாக் ஓட்டம், பின்னேரம் கடற்கரை. 'வரலாற்றுக் கரையோரம்' என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோப்பை கழுவியும் கந்தோர் கூட்டியும் இந்த நாடுகளில் முப்பது வருடத்தைத் தள்ளியவர்களுக்கு ஆறு நாள் கடற்காற்று கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். அதில் எமக்கு வெட்கமில்லை. எமது வெட்கம் வேறொன்று.

வழிகாட்டி சிராகூசாப் பொடியன். தன் கரையை அறிந்தவன், நேசிப்பவன். ஓர்த்திஜியா தீவைச் சுற்றித் துடுப்பு வலித்தபோது, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கொரிந்தியர் கப்பலேறி வந்து இந்நகரை அமைத்த கதையைச் சொன்னான். அத்தேனா கோயிலின் தூண்கள் இன்றைய பேராலயத்தின் சுவருக்குள் நிற்பதைக் கரையேறிக் காட்டினான். கி.மு. 413இல் அத்தேனியரின் படையெடுப்பு இந்தத் துறைமுகத்திலேயே அழிந்ததையும், ஏழாயிரத்துக்குக் குறையாத கைதிகள் கற்குழிகளில் அடைக்கப்பட்டதையும், அவர்களில் பலர் பசியாலும் நோயாலும் செத்ததையும் விபரித்தான். எமது பிள்ளைகள் முகம் வாடிப் போனார்கள். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய சாவுக்கு!

பிறகு தெற்கே போனோம். வெந்திக்காரியில் நீரில் நின்ற பூநாரைகளையும் இடிந்த சூரைமீன் ஆலையையும் பார்த்தோம். மார்சமெமி என்ற பெயரே அரபு மொழியிலிருந்து வந்தது என்றான். 1943 யூலை 10இல் பிரித்தானியப் படைகள் பக்கீனோக் கரையில் இறங்கிய இடத்தைக் காட்டினான். கடைசி நாள் போர்த்தோபாலோ. கப்போ பஸ்ஸேரோவின் பழைய கோட்டையைக் கடந்து, சிசிலியின் தென்முனையில் கிடக்கும் 'நீரோட்டங்களின் தீவு' வரைக்கும் போனோம். அங்கே துடுப்பை நீட்டி, "அங்கால் மால்ரா" என்றான். அவ்வளவுதான். அவனது வரலாறு 1943உடன் முடிந்துவிட்டது.

அவன் துடுப்பை நீட்டிய திசையிலேதான் 1996ஆம் ஆண்டு நத்தார் இரவில் அது நடந்தது. வாரக்கணக்கில் கடலில் அலைந்த யொஹான் என்ற கப்பலிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் கொந்தளிக்கும் கடலில் ஒரு மரப்படகுக்கு மாற்றினார்கள். சுமை தாங்காத படகுக்குள் தண்ணீர் ஏறியது. காப்பாற்றத் திரும்பிய கப்பலே அதனுடன் மோதியது. 283 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். தப்பியவர்களைக் கப்பல் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டது. அங்கே பொலிஸிடம் பிடிபட்டு அவர்கள் சொன்ன கதையை முதலில் எவரும் நம்பவில்லை. பிணம் இல்லை, படகு இல்லை, ஆகவே சாவும் இல்லை.

பிணங்கள் இருந்தன. போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில் மீனோடு வந்தன. அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலில் போட்டார்கள். அறிவித்தால் விசாரணை, படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், தொழில் போகும். முழு ஊருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மீனவரின் வலையில் பிளாஸ்ரிக் உறையிட்ட அடையாள அட்டையொன்று வந்தது. ஒரு தமிழ் இளைஞனுடையது. அந்த மீனவர் மட்டும் ஊரைப் பகைத்துக்கொண்டு, ஜொவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளருக்கு அதைத் தெரியப்படுத்தினார். 2001இல் பெல்லு 108 மீற்றர் ஆழத்தில் கிடந்த படகைக் கமெராவால் படம் பிடித்து வெளியிட்டார். நாலரை வருடத்துக்குப் பிறகுதான் அந்தச் சாவுகள் சாவுகளாயின.

இதெல்லாம் எமக்குத் தெரியாததல்ல. எம்மில் ஒருவரின் ஊர்ப்பொடியன் அந்த வருடக் கடைசியில், "இத்தாலிக்கு ஏத்தினமாம்" என்று தொலைபேசியில் சொன்னவன். அதற்குப் பிறகு குரல் இல்லை. அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தபடி இருந்தார். நாமும் வலிப்பதை நிறுத்தினோம். "ஏன் நிக்கிறீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "கை நோகுது" என்றோம்.

இந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

உல்லாசப் பயண வியாபாரம் ஏன் பேசவில்லை என்பது விளங்காத விடயமல்ல. அதற்கு வேண்டிய வரலாறு நன்றாகக் காய்ந்த வரலாறு. கற்குழியில் செத்த அத்தேனியனுக்காக எவரும் வழக்குப் போடமாட்டார்கள், எந்தத் தாயும் கரையில் வந்து நின்று என் பிள்ளை எங்கே என்று கேட்கமாட்டாள். 1996இல் செத்தவனுக்குத் தாய் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொன்னால் மத்தியானம் அதே தண்ணீரில் குளிக்க எவர் இறங்குவார்?

அரசுகள் செய்வதும் ஒரு சீரில் இல்லை. 2015 ஏப்ரல் 18இல் லிபியாவுக்கு அப்பால் நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கிய படகை, சுமார் 370 மீற்றர் ஆழத்திலிருந்து 2016இல் இத்தாலி தூக்கியது. சிராகூசாவுக்குச் சற்று வடக்கேயுள்ள ஔகுஸ்தாவுக்குக் கொண்டுவந்து, உள்ளே இருந்த உடல்களை அடையாளம் காண முயன்றது. நல்ல காரியம். அப்படியானால் 108 மீற்றர் எட்டாத ஆழமா? 2019இல் அந்தப் படகையே வெனிஸ் கலைக் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பார்வையாளர் அதன் முன்னால் நின்று கோப்பி குடித்தார்கள். தூக்கினாலும் இப்படி, தூக்காவிட்டாலும் அப்படி.

ஆனால் அவர்களை ஏசிவிட்டு எழும்பிப் போக எமக்கு உரிமை கிடையாது. போர்த்தோபாலோ மீனவரைக் குற்றம் சொல்ல நாம் யார்? எமது வலையில் வந்ததை நாமும் திருப்பிக் கடலில் போட்டவர்கள்தானே! 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனேடிய மீனவர்கள் கரைசேர்த்த கதையை விழா மேடைகளில் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். கரைசேர்ந்தவர்களின் கதை இனிக்கிறது. கரைசேராதவர்களுக்கு எந்த மேடை?

அவர்கள் ஆயுதம் தூக்கிச் சாகவில்லை, ஆகவே மாவீரரில்லை. குண்டு விழுந்து சாகவில்லை, ஆகவே அரசின் கொலைக் கணக்கிலும் இல்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டிச் செத்தவர்கள். காணி ஈடு வைத்து, தாலிக்கொடி விற்று அந்தக் காசைக் கட்டிய குடும்பம், அதைச் சொல்லி அழவும் கூச்சப்பட்டது. 'ஊரை விட்டு ஓடினவன்' என்று ஒரு பக்கம், 'பொருளாதார அகதி' என்று மறுபக்கம். இந்த இரண்டு வசவும் எமக்கும் விழுந்தவைதான். அதே ஏஜென்சி, அதே கடல், அதே இரவு. எமது படகு தாண்டது, அவர்களுடையது தாழ்ந்தது. அந்த ஒரு வித்தியாசத்தில் நாம் கயாக்கில் இருந்தோம், அவர்கள் எமக்குக் கீழே எங்கோ இருந்தார்கள்.

விடுமுறையிலும் இழவு கொண்டாட வேண்டுமா என்று சிலர் சினப்பார்கள். கடலில் இறங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்தத் தீவு எமக்கு அந்நியமுமல்ல. பலெர்மோவில் எமது சனம் சாந்தா ரொசாலியாவின் மலைக்கு நேர்த்தி வைத்து ஏறுகிறது. வாருங்கள், குளியுங்கள், துடுப்பு வலியுங்கள். தென்முனையில் வழிகாட்டி பேச்சை நிறுத்தும்போது நீங்கள் பேசுங்கள். அரைகுறை இத்தாலியனிலோ ஆங்கிலத்திலோ, ஆண்டையும் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். அவன் பிறக்க முதல் நடந்ததை அவன் அறியாதிருந்தால் அது அவன் பிழையல்ல. அறிந்த நாம் வாய்மூடி இருந்ததுதான் பிழை.

கற்குழியில் செத்தவர்களை இன்றைக்கும் எவரும் அறிவது எப்படி? துசிடிடிஸ் எழுதிவைத்தார். அவர் வென்ற சிராகூசாவின் ஆளல்ல, தோற்ற அத்தேன்ஸின் ஆள். அந்த அத்தேன்ஸும் அவரை இருபது வருடம் நாட்டுக்கு வெளியே வைத்திருந்தது. வெளியே இருந்தவர் செய்த வேலை அது. வெளியே இருக்கும் நாம் என்ன செய்தோம்?

யொஹானில் வந்து தப்பியவர்கள் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார்கள். பிள்ளையைத் தேடிய தாய்தகப்பன்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஊர், வயது, கடைசிக் கடிதம் வந்த இடம், கடைசித் தொலைபேசியில் சொன்ன சொல் - அறிந்தவர்கள் எழுதுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுங்கள். வேறிடம் இல்லாவிட்டால் இந்தப் பக்கங்களுக்கே அனுப்புங்கள். நாம் எமது பங்குக்கு முதலில் ஒன்றைச் செய்தோம். வீடு திரும்பியதும் பிள்ளைகளை இருத்தி, அன்றைக்குக் கை நோகவில்லை என்று சொன்னோம்.