ஆள்களப் பெயரும் தனி மனிதர் குரலும்

இணையத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் பெயரை 'டொமைன்' பெயர் என்பர். தமிழில் 'ஆள்களப் பெயர்' என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்கு இது நல்ல ஆக்கமே. ஆள்வோர் யாவர் என்னும் வினாவையும் அச்சொல் உடன் எழுப்பிவிடுகிறது.

இப்பெயர் முறையை உலகளாவிய நிலையில் ஒழுங்குசெய்வது, 1998-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிறுவப்பெற்ற ஐகான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. 2000-ஆம் ஆண்டில் அதன் இயக்குநருள் ஐவரை இணையப் பயனர்களே வாக்களித்துத் தேர்ந்தனர். வாக்களித்தோர் 34,000-க்குச் சற்று மேற்பட்டோர். 2002-இல் அம்முறை கைவிடப்பட்டது. இன்று பயனர்களுக்கென 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. வாக்குரிமையுள்ள இயக்குநர் 16 பேருள் பயனர் தரப்பினர் தேர்வது ஒருவரையே. இது போதாது என்பது எம் துணிபு. ஆலோசனை கூறுதல் வேறு, முடிவு செய்தல் வேறு.

ஆயினும், திறந்துள்ள வாயிலை நாம் பயன்படுத்தினோமா? கொள்கை வரைவுகள்மீது எவரும் கருத்து எழுதலாம். கட்டணம் இல்லை, பதவியும் வேண்டுவதில்லை.

ஆசிரியருக்கு இங்கு என்ன அலுவல் என வினவலாம். 'ஔ' என்பது ஓரெழுத்து. 'ஒள' என அடுத்தெழுதினால் ஈரெழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, கணிப்பொறிக்கோ வெவ்வேறு. தமிழ் ஜகரமும் மலையாள ஜகரமும் உருவில் நெருங்கியவை. இத்தகைய மயக்கம் தரும் பெயரை வஞ்சகர் ஒருவர் பெற்றுவிட்டால், அதனை நம்பிப் பணத்தை இழப்பவர் எளிய குடியானவரே. '.இந்தியா' போல் புள்ளிக்குப் பின் நிற்கும் பெயர்களில் இம்மயக்கத்தைத் தடுக்க, தமிழ் உள்ளிட்ட ஒன்பது எழுத்து முறைகளுக்கு விதிகள் வகுக்கத் தன்னார்வலர் குழு ஒன்று அமைந்தது. அதன் வரைவுகளும் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டன. எவ்வெழுத்தில் பிள்ளைகள் தடுமாறுவர் என்பதை நாள்தோறும் ஏடு திருத்துவோரும், கைப்பேசியில் முகவரியை உழவர் எங்ஙனம் பிழைபடத் தட்டுவர் என்பதைக் களப்பணியாளரும் அறிவர். தொலைவிலுள்ள பொறியியலாளருக்கு இவ்வறிவு எங்கிருந்து கிட்டும்?

மொழியே பெருந்தடை. வரைவுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. மொழிபெயர்ப்பு உண்டாயினும் அது பெரும்பாலும் ஐக்கிய நாடுகள் அவையின் மொழிகளுக்கே. கருத்துரைக்கக் கிடைக்கும் காலமோ பொதுவாக 40 நாள் அளவே. எழுத்து முறைகளைத் தொடும் வரைவுகளுக்கேனும், முதல் வாரத்திலேயே இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அரசு மொழிபெயர்ப்புப் பிரிவுகள் வெளியிடுதல் வேண்டும். அவ்வேலைக்கு ஒருவர் இருவர் போதும்.