ஊசிக்குப் பயந்து களிம்பை நம்பலாமா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வர்ற நம்மவங்க ஏப்ரல் பிறந்ததும் புலம்புறது அரிப்பைப் பத்தித்தான். புழுக்கம், வியர்வை, வேர்க்குரு, கழுத்து மடிப்புல படை. லேக் மார்க்கெட் பக்கம் போனா மாமிகள் முருங்கைக்காய் விலைக்கு அடுத்தபடியா களிம்புப் பேரைத்தான் பரிமாறிக்கறாங்க. அந்தப் பட்டியல்ல சீன வைத்தியமும் உண்டு. "ஊசி குத்திக்கறதா? ஐயோ, வேண்டாம். மூலிகைக் களிம்புன்னா பக்கவிளைவு இல்லையே, அதைத் தடவிப் பாக்கலாம்" என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. என் கட்சி இதுக்கு நேர் எதிர்.

முதல்ல ஊசி. இந்த ஊருக்கு அக்குபங்சர் புதுசு இல்லைங்க. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோட இருந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர்தான் பிற்பாடு இந்த வைத்தியத்தைக் கத்துக்கிட்டு வந்து 1959-ல் கொல்கத்தாவில் ஆரம்பிச்சார். மேற்கு வங்க அரசு 1996-ல் இதுக்குத் தனிச் சட்டமே போட்டது. மத்திய அரசு 2019-ல் தனி சிகிச்சை முறைன்னு அங்கீகாரம் கொடுத்தது.

ஊசி முடி மாதிரி மெல்லிசு, அதில் மருந்து எதுவும் கிடையாது. அரிப்புக்கு முழங்கை மடிப்போட வெளி ஓரத்திலும், முழங்காலுக்கு மேலே உள்பக்கத்திலும் குத்துவாங்க. இந்த இரண்டாவது புள்ளிக்குச் சீனத்தில் 'ரத்தக் கடல்'னு பேரு. தோலில் 'காற்று' புகுந்ததால்தான் அரிப்புங்கறது அவங்க கணக்கு, நம்ம பாட்டி வாதம், பித்தம்னு சொன்ன மாதிரி. ஜெர்மனியில் மியூனிக் டாக்டர்கள் எக்ஸிமா நோயாளிகளிடம் சோதிச்சப்போ அரிப்பு ஓரளவு தணிஞ்சது. ஆனா அவை சின்னச் சோதனைகள்தான். நோய் தீரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிரிக்காத புது ஊசியான்னு மட்டும் கண்ணால் பாத்துக்குங்க.

இப்போ களிம்பு. லண்டனில் நோயாளிகள் வாங்கிப் பூசின 11 சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதிச்சு, 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டாங்க. எட்டில் டெக்ஸாமெதசோன் இருந்தது. அதாவது ஸ்டீராய்டு! ரெண்டே நாளில் அரிப்பு போச்சேன்னு குழந்தை முகத்தில் மாசக்கணக்கில் தடவினா தோல் மெலிஞ்சு போகும், நிறுத்தினதும் திரும்ப வந்து நிக்கும்.

குடிக்கிற கஷாயத்திலும் இதே ஆபத்துதான். 1990-களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே பழுதாச்சு. ஒரு மூலிகைக்குப் பதிலா வேறொண்ணு, அரிஸ்டலோகியா, கலந்துடுச்சு.

பேங்க்ல கேஒய்சி இல்லாம ஒரு சேமிப்புக் கணக்குகூடத் திறக்க மாட்டோம். உள்ளே என்ன இருக்குன்னு எழுதாத டப்பாவை மட்டும் பிள்ளை தோலுக்கு எப்படி அனுமதிக்கிறோம்?

அதனால வரிசை இதுதான். முதல்ல தோல் டாக்டர். ராத்திரியில் அதிகமாகி, வீட்டில் ரெண்டு மூணு பேர் சொறிஞ்சா அது சொறிப்பூச்சியா இருக்கலாம். தடிப்பே இல்லாம உடம்பு பூரா அரிச்சா சர்க்கரை, ஈரல், சிறுநீரகம் பாக்கணும். அதுக்கப்புறம், டாக்டர் மருந்தை நிறுத்தாம, விருப்பமிருந்தா முறையாப் படிச்சவரிடம் ஊசி போட்டுக்குங்க. பேரில்லாத களிம்பு எவ்வளவு நல்லாக் கேட்டாலும் வேண்டாம்; நல்லாக் கேட்டா இன்னும் சந்தேகப்படுங்க.