நேத்து வரைக்கும் லோகோவாச்சும் வந்துச்சு

சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் செல்ஃபோன் மெக்கானிக்குகள் அதிகம் பயப்படும் வாக்கியம் ஒன்று உண்டு. "குடுக்கும்போது லோகோவாச்சும் வந்துச்சு அண்ணே. இப்ப சுத்தமா ஆனே ஆகல."

ஐஃபோன் 7 வைத்திருந்தவர்கள் பலர் இந்த வழியாகத்தான் வந்திருப்பார்கள். 2016-இல் வெளிவந்த அந்த மாடலில் ஆடியோ ஐசி ஒரு தீராத தலைவலி. ஃபோன் லேசாக வளைந்து நிமிர்ந்தே நாளடைவில் ஐசியின் அடியில் சி12 என்ற புள்ளியில் இணைப்பு விட்டுப்போகும். ஆன் செய்தால், பதில் வராத ஆடியோ ஐசிக்காகக் காத்துக்கொண்டு ஆப்பிள் சின்னத்திலேயே நிமிடக்கணக்கில் நிற்கும். ஐசியைக் கழற்றி, அறுந்த இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் ஜம்பர் போட்டு, அடியில் புதுச் சால்டர் குண்டுகள் பதித்து (ரீபால்) உட்கார வைப்பதுதான் வைத்தியம். அது முடிந்தபிறகு சின்னமும் வரவில்லையென்றால்?

கை தானாக ஹீட் கன் பக்கம் போகும். ஐசி சரியாக உட்காரவில்லை, இன்னொரு தடவை சூடு காட்டுவோம் என்று தோன்றும். அனுபவசாலி அதைத் தொடமாட்டார். ஈயம் கலக்காத சால்டர் 217 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். ஹீட் கன்னின் காற்றோ அந்த ஐசியைவிடப் பல மடங்கு இடத்தில் பரவும். பக்கத்து ஐசியின் அடியில் இருக்கும் சால்டர் குண்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அடியில் ஊற்றியிருக்கும் பசை பொங்கி அவற்றைப் பிதுக்கியிருக்கலாம். முதல் சூட்டில் என்ன கெட்டது என்று தெரியாமல் இரண்டாவது சூடு கொடுத்தால், ஒரு பழுது மூன்றாகும்.

அவர் கேட்பது டிசி சப்ளையை. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 4 வோல்ட் கொடுத்து, ஆம்பியர் மீட்டரைப் பார்க்கிறார். பவர் பட்டனைத் தொடும் முன்பே கரண்ட் இழுத்தால் பேட்டரி லைனில் கசிவு. மளமளவென்று ஏறினால் முழு ஷார்ட். அழுத்தியும் பூஜ்யத்தைவிட்டு நகராவிட்டால் பட்டன் லைனோ பவர் ஐசியோ விழிக்கவில்லை. கொஞ்சம் ஏறி அதே இடத்தில் உறைந்து நின்றால், புறப்பட்ட வேலை பாதியில் மாட்டியிருக்கிறது. ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டே இருந்தால் ஃபோன் உள்ளே ஓடுகிறது, திரைதான் இருட்டு. கணக்கு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் போர்டு எப்படி ஏறுகிறது என்று பார்த்து வைத்திருப்பவருக்கே இந்த மீட்டர் பேசும்.

ஷார்ட் என்று தெரிந்தால் சால்டருக்குப் பயன்படுத்தும் பிசினான ரோசின் வெளியே வரும். அயர்ன் முனையில் ரோசினைப் புகையவிட்டு மேலே போர்டைக் காட்டினால், மார்கழிக் காலையில் வண்டி சீட்டில் படிந்த பனிபோல் வெள்ளையாகப் படியும். ஷார்ட் ஆன லைனில் ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுத்ததும், அத்தனை வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி உருகித் தெளியும். பெரும்பாலும் கடுகைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டர். ஒரே லைனில் பல கெப்பாசிட்டர்கள் அருகருகே இருப்பதால், அந்த ஒன்றை எடுத்தெறிந்துவிட்டாலே பல ஃபோன்கள் எழுந்துவிடும்.

ஐசிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமும் உண்டு. ஐஃபோன் 5எஸ் காலத்தில் பலர் சூடுபட்டுக் கற்றது அது. டிஸ்ப்ளே மாற்றி மூடும்போது, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் திருகுகளில் நீளமானதைக் குட்டைத் திருகின் துளையில் போட்டு முறுக்கிவிடுவார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் நுனி போர்டுக்குள் இறங்கி மெல்லிய செம்புக் கோடுகளை அறுத்துவிடும். ஆன் செய்தால் திரை நீலமாக மின்னி, ஃபோன் மறுபடி மறுபடி ஆரம்பிக்கும். காந்தப் பாயில் திருகுகளை வரைபடம்போல அடுக்கி வைப்பவர்களின் சுத்தம் வெறும் அலங்காரத்துக்கு அல்ல.

சில சமயம் போர்டில் ஒரு குறையும் இருக்காது. 2016 தொடக்கத்தில், ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றிய ஐஃபோன் 6 பலவும் மென்பொருளைப் புதுப்பித்தவுடன் 'எரர் 53' காட்டிச் செத்தன. பூட்டியது ஆப்பிளின் மென்பொருள். பின்னர் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது; ஆனாலும் பழுது பார்க்கும் உரிமை குறித்து வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் சொன்னதற்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இத்தனை வயதான ஃபோனை எதற்கு இவ்வளவு பாடுபட்டு எழுப்ப வேண்டும்? வருபவர் கேட்பது பெரும்பாலும் ஃபோனை அல்ல, அதில் இருக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாளை. மெமரி ஐசியை மட்டும் பிரித்து வேறு போர்டில் வைத்துப் படிக்க வழியில்லை. அதைத் திறக்கும் சாவி அந்தப் போர்டின் சிபியுவுக்குள்தான் இருக்கிறது. அதே சிபியு, அதே மெமரி, இரண்டும் ஒருமுறையாவது சேர்ந்து எழ வேண்டும்.

அதனால்தான் மீட்டர் துள்ளி, சின்னம் வந்து, பூட்டுத் திரை தெரிந்த பிறகும் மெக்கானிக் திருகாணி ஒன்றைக்கூடப் பூட்டவில்லை. போர்டை அப்படியே மேசையில் கிடத்தி கேபிளைச் செருகுகிறார். "பாஸ்கோடு என்ன தம்பி?"

"அண்ணே, ஃபோனை எப்ப மாட்டித் தருவீங்க?"

"இருங்க. ஆடாதீங்க. போட்டோ ஏறிட்டிருக்கு."