உள்ளங்கை வேர்வைக்கு நரம்பை வெட்டலாமா?

என்னோடு வேலை பார்த்த குமாஸ்தா ஒருவருக்கு உள்ளங்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதும்போது கைக்கு அடியில் மை ஒற்றும் தாளை வைத்துக்கொள்வார். யாராவது கை குலுக்க வந்தால் சட்டென்று கும்பிட்டுவிடுவார். மரியாதை தெரிந்த மனிதர் என்று பெயர் எடுத்தார்! பயந்த சுபாவம் என்று சொன்னவர்களும் உண்டு.

பயத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஹைபர்ஹைட்ரோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ ஆரம்பிக்கும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். பரீட்சைத் தாள் நனைகிறது, செல்போன் திரை விரலுக்குப் பணிய மறுக்கிறது. துடைத்துக்கொண்டால் போயிற்று என்று சொல்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியாது.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு, நிச்சயதார்த்தத்துக்கு முன் ஆபரேஷன் செய்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை கையைப் பிடிக்கும்போது ஈரமாக இருக்கக் கூடாதாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதுகெலும்புக்கு இரு பக்கமும், நெஞ்சுக்கூட்டின் உள்ளே, சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி ஓடுகிறது. வேர்வை வரச் சொல்வதும், ரத்தக்குழாயைச் சுருங்கச் சொல்வதும் அதுதான். மயக்க மருந்து கொடுத்து, அக்குளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, அந்தப் பக்கத்து நுரையீரலைச் சற்றுச் சுருங்க வைத்து, கேமரா வழியாகப் பார்த்து அந்த நரம்பை வெட்டுகிறார்கள், அல்லது கிளிப் போடுகிறார்கள். உள்ளங்கை உடனே காய்ந்து சூடாகிவிடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் கையில் நின்ற வேர்வை பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்புகிறது. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை உடை மாற்றும் அளவுக்கு. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்கவும் வழியில்லை. கிளிப்பை எடுத்தாலும் சரியாகும் என்ற உறுதி கிடையாது. அபூர்வமாக ஒரு கண் இமை தொங்கிப் போவதும் உண்டு. தைவானில் 2004-ல் இருபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த ஆபரேஷனையே தடை செய்தார்கள். நமது ஊரோ அக்னி ஸ்தலம். சித்திரை வெயிலில் மலையின் கல் சூடு இரவிலும் தணியாது. இங்கே முதுகு வேர்வையைக் கூட்டிக்கொண்டு வாழ்வது லேசான காரியமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒரு பழைய பெயர் ஞாபகம் வருகிறது. மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர், குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும் நோயைப் பற்றி 1862-ல் பாரிஸில் ஆய்வேடு எழுதினார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். கை ரத்த ஓட்டத்துக்காகவும் இதே நரம்பை வெட்டுகிறார்கள். ஆனால் ரேனோ நோயில் அந்தப் பலன் பலருக்குச் சில மாதங்களிலோ வருஷங்களிலோ தேய்ந்துவிடுகிறது. நம் பக்கத்தில் பீடி குடித்தே விரல் கறுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பர்கர் நோயாக இருக்கலாம். விரல் அழுகும் நிலையில், வலி தாங்காதவருக்கு நரம்பை வெட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கேயும் பீடியை விடாவிட்டால் எந்த ஆபரேஷனும் நிற்காது.

வெறும் கை ஈரத்துக்கு முதலில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அலுமினியம் குளோரைடு லோஷனை இரவில் காய்ந்த கையில் தடவலாம். குழாய்த் தண்ணீர் உள்ள தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் அயன்டோபோரெசிஸ். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. போடாக்ஸ் ஊசியும் இருக்கிறது. உள்ளங்கையில் குத்தினால் வலிக்கும், செலவும் அதிகம், சில மாதங்களே தாங்கும். ஆனாலும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம், முதலில் இங்கேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.