அடிப்பிடித்த புட்டும் அபியின் கதையும்



ஹந்தானை என்றதும் சிங்களத் திரைப்பட ரசிகர்களுக்கு 1969 இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' நினைவுக்கு வரும். விஜய குமாரதுங்க நடித்த படம் அது. கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு இங்குள்ள தேயிலை அருங்காட்சியகம் நினைவுக்கு வரும். 1925 இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலைதான் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. என்னுடைய வட்ஸ்அப் தோழிகளுக்கோ ஹந்தானை என்றால் "சிக்னல் இல்லாத ஊர்". மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் குசினி யன்னலோரம் மட்டும்தான் கைத்தொலைபேசி ஒழுங்காக வேலை செய்யும். அதனால் நான் அனுப்பும் குரல் பதிவுகளில் எல்லாம் கடுகு வெடிக்கும் சத்தமும் சேர்ந்தே போகும்.

இந்தத் தோழிகளை 2016 இல் கண்டியில் நடந்த ஐந்து நாள் தையல் பயிற்சியில்தான் சந்தித்தேன். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு, அக்குறணை என்று ஊருக்கு ஒருவராக வந்திருந்தோம். பெரும்பாலும் யுத்தத்தில் வீட்டையோ உறவையோ இழந்தவர்கள். பயிற்சி முடிந்த அன்று, "தையல் சந்தேகம் கேட்கலாம்" என்று ஒரு குழு தொடங்கினோம். முதல் வாரத்தோடு தையல் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பிறகு வந்ததெல்லாம் பழைய பாட்டு, நாடகக் கதை, வீட்டில் நடந்த கூத்து இவைதான்.

ஒரு நாள் கிளிநொச்சித் தோழி தொலைக்காட்சி நாடகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு புட்டு அவித்திருக்கிறார். பானையில் தண்ணீர் வற்றி, நீத்துப்பெட்டியின் அடியும் கருகிப்போயிற்று. கருகிய பெட்டியைப் படமெடுத்துப் போட்டு, "இன்றைய நாடகத்தின் முடிவு" என்று எழுதினார். மட்டக்களப்பு அக்கா கணவருக்கு அனுப்ப வேண்டிய குரல் பதிவைத் தவறுதலாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். "மீன் வாங்காமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது!" என்ற கட்டளையைப் பன்னிரண்டு பேரும் கேட்டோம். இன்றுவரை யார் தாமதமாக வந்தாலும் "மீன் வாங்கினீங்களா?" என்றுதான் கேட்போம்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். யாழ்ப்பாணத் தோழியின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தாள். அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உங்க மகள்கிட்ட நேத்து நல்லா பேசிட்டு வந்தேன்" என்று எழுதினேன். மலையகத்தில் பேசுவது என்றால் உரையாடுவது. யாழ்ப்பாணத்திலோ பேசுவது என்றால் ஏசுவது! சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. "என்ன அக்கா, என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்? ஏன் பேசினனீங்கள்?" குரலில் அழுகை. விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அதன் பிறகு நான் யாரோடும் "பேசுவதில்லை". கதைக்கிறேன்.

எங்கள் உறவினர் ஒருவர் ஒருமுறை, "வேலையில்லாத பெண்களின் வெட்டிக் கதை" என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன்.

முதலில், இது புதுப் பழக்கம் அல்ல. நமது அம்மாமார் தபாலட்டையில் செய்ததைத்தான் நாம் கைத்தொலைபேசியில் செய்கிறோம். இலங்கை வானொலியில் 'நேயர் விருப்பம்' கேட்பதற்காக மலையக லயத்திலும் யாழ்ப்பாண முற்றத்திலும் ஒரே நேரத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு நேயர்களே கதை எழுதி அனுப்பினார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் கேட்டால் வீட்டுக்கு வந்த உறவினரின் குரலைக் கேட்டது போலிருக்கும். ஒருவரையொருவர் பார்த்தேயிராத பெண்களுக்கு, வானொலியில் வாசிக்கப்படும் பெயர்கள் பழகிய பெயர்களாகிவிடும்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்தபோதும் மக்கள் அதை விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சுற்றும் கை களைத்தால் வானொலியும் களைத்துவிடும். செய்திக்கு ஒருவர் சுற்றினால் பாட்டுக்கு இன்னொருவர் சுற்ற வேண்டும். இதைச் சொன்ன யாழ்ப்பாணத் தோழி, "பாட்டு கேட்டபடியால்தான் நாங்கள் மனிசராய் இருந்தம்" என்றார்.

இரண்டாவது காரணம் 2018 மார்ச்சில் எனக்குப் புரிந்தது. கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. வதந்தி பரவுகிறது என்று பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் தடுத்தது. சுமார் ஒரு வாரம் எங்கள் குழு ஊமையாகிவிட்டது.

தடை வந்த மறுநாள் காலை சாதாரண அழைப்பு ஒன்று வந்தது. கிளிநொச்சித் தோழி. "அக்கா, இருக்கிறியளோ?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. தினமும் சிரிக்கிற இடம் திடீரென்று அமைதியானால் என்ன அர்த்தம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "நாங்க சுகம்" என்றேன். "அப்ப அக்குறணைத் தங்கச்சி?" என்று கேட்டார். அந்தத் தங்கை முஸ்லிம் பெண். கணவர் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். அன்று முதல் தடை நீங்கும்வரை காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறைவைத்து அவரை அழைத்தோம். கலவரத்தைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா, மீன் வாங்கினீங்களா என்றுதான் கேட்டோம். பயத்தில் இருந்த அந்தப் பெண் மூன்றாம் நாள் சிரித்துவிட்டார்.

மூன்றாவது, 2022 இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. நான் புலம்பியபோது யாழ்ப்பாணத் தோழி சிரித்தார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமே மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி போட்டு எரிக்கும் விளக்கை எனக்குச் சொல்லித்தந்தார். யுத்த காலத்தில் அவர் படித்த பாடம் ஹந்தானையில் என் குசினிக்கு வெளிச்சம் தந்தது.

அப்படி ஓர் இருட்டு இரவில் மன்னார் அக்கா குழுவில் ஒரு கேள்வி கேட்டார். "கோலங்கள் நாடகத்திலை கடைசியாய் அபிக்கு என்ன நடந்தது?"

2003 இல் தொடங்கிய அந்த நாடகத்தை, வன்னியில் ஜெனரேற்றர் இருந்த ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்து அவர் பார்த்தவராம். 2008 இல் இடம்பெயர்ந்ததோடு கதை அறுந்துவிட்டது. 2009 டிசம்பரில் அந்த நாடகம் முடிந்தபோது அவர் மெனிக்பாம் முகாமில் இருந்தார். அந்த டிசம்பரில்தான் முகாமில் இருந்தவர்களை வெளியே போய்வர விட்டார்கள்.

அன்றிரவு யார் வீட்டிலும் தொலைக்காட்சி இல்லை. இருந்த கொஞ்ச சார்ஜில், ஆளுக்கொரு குரல் பதிவாகக் கதையைச் சொன்னோம். ஆதி செய்த அநியாயங்களை ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் சொன்னார். முடிவைப் பற்றி எங்களுக்குள் சண்டையும் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மன்னார் அக்கா ஒரு பதிவு அனுப்பினார். "மகனும் பக்கத்திலை இருந்துதான் பாத்தவன். ஆதியைக் கண்டா ஏசுவான். முடிவைத் தெரிஞ்சு அவனுக்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன்."

அவருக்கு ஒரு மகன் இருந்ததும், 2009 இல் காணாமற் போனதும் ஆறு வருடமாக எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றிரவு அவர் சொன்னார், நாங்கள் கேட்டோம். ஆறுதல் வார்த்தை ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை. யாரும் போனை வைக்காமல் விடியும்வரை இருந்தோம். இப்போது ஒவ்வோர் ஆண்டும் அவனுடைய பிறந்தநாளில் அவனுக்குப் பிடித்த பாட்டைக் குழுவில் போடுகிறோம்.

"உன் துயரத்தைச் சொல்" என்று நேராகக் கேட்டால் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். அடிப்பிடித்த புட்டைச் சொல்லிச் சிரித்த இடத்தில்தான் அதையும் சொல்வாள். உறவினருக்கு அன்று நான் சொல்லாத பதில் இதுதான்.

தோழியரே, உங்களுக்கும் இப்படி ஒரு சிறு வட்டம் இருக்கட்டும். சில விடயங்களில் மட்டும் கவனமாயிருங்கள். குழுவில் ஒருவர் சொன்னதை வெளியே கொண்டுபோகாதீர்கள். உறுதியாகத் தெரியாத செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். திகனயில் வதந்தி என்ன செய்தது என்று பார்த்தோம். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை, எவ்வளவு நெருங்கிய தோழி பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலில் அழைத்துக் குரலைக் கேளுங்கள். தினமும் எழுதுபவர் இரண்டு நாள் எழுதாவிட்டாலும் அழைத்துக் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். அடுப்பில் ஏதோ மணக்கிறது, நான் போய்ப் பார்க்க வேண்டும்.