எண் பிடிபடாத பிள்ளை சோம்பேறியல்ல



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய பத்து வயது மகளுக்குக் கணிதத்தில் கற்றல் இடர்ப்பாடு உள்ளதா என மதிப்பீடு செய்யலாம் எனப் பாடசாலையில் கூறியிருக்கிறார்கள். “பாதர், அப்பிடி எழுதிப்போட்டால் பிள்ளையின்ர எதிர்காலம் என்னாகும்?” என்று கேட்டு அழுதார். தந்தையோ, வாரத்தில் இன்னொரு நாள் ரியூசனுக்கு ஏற்பாடு செய்துவிட்டாராம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தந்தை இதே கவலையோடு வந்தபோது, “நாளும் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள், சரியாகிவிடும்” என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சரியாகவில்லை. அறியாமையால் நான் கொடுத்த அந்த அறிவுரைக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

டிஸ்கல்குலியா என்பது சோம்பலோ அறிவுக்குறைவோ அன்று. எண் குறிக்கும் அளவை மனம் எளிதில் பற்றிக்கொள்ள இயலாத நிலை அது. மேசைமேல் மூன்று நாணயங்கள் கிடந்தால் நாம் எண்ணுவதில்லை. பார்த்தவுடன் மூன்று என்கிறோம். இப்பிள்ளைகளுள் பலர் அதையும் ஒவ்வொன்றாக எண்ணுவர். நேற்று மனனஞ்செய்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகும். கடிகாரம் பார்ப்பதும், கடையில் மிச்சக்காசைச் சரிபார்ப்பதும் கடினமாயிருக்கும். அதே பிள்ளை கதை எழுதுவதிலும் பாடுவதிலும் முதல்வராக இருக்கலாம்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் பிரையன் பட்டர்வர்த், இதனைத் தொடக்கத்திலேயே இனங்காணக் கணினிவழிச் சோதனை ஒன்றை 2003இல் வெளியிட்டார். புள்ளிகளை எண்ணுவதற்கும், இரண்டு எண்களில் பெரியது எதுவெனச் சொல்வதற்கும் பிள்ளை எடுக்கும் நேரத்தை அது அளக்கிறது. விடை சரியா என்பதோடு, அதை அடையப் பிள்ளை எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

வட அயர்லாந்தின் தொடக்கப் பாடசாலை மாணவர் 2,421 பேரை ஆராய்ந்த குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களுள் 5.7 விழுக்காட்டினரிடம் இத்தகைய இடர்ப்பாடு காணப்பட்டது. ஆனால் அப்பிள்ளைகளுள் முறையாக அடையாளம் காணப்பட்டிருந்தவர் ஒரே ஒருவர்! முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒருவரோ இருவரோ என்பது இதன் பொருள். நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

“ஊரில் இப்படியெல்லாம் இருந்ததில்லையே” என்பீர்கள். இருந்தது. பிரம்படி வாங்கி, கடைசி வாங்கில் அமர்ந்து, பாதியில் படிப்பை விட்ட நம் வகுப்புத் தோழர்களை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் டிஸ்கல்குலியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இது வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் குறையன்று.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில. முதலில், பாடசாலையின் சிறப்புத் தேவைப் பொறுப்பாசிரியரான சென்கோவைச் சந்தியுங்கள். டிஸ்கல்குலியாவை உறுதிசெய்பவர் குடும்ப மருத்துவர் அல்லர். கல்வி உளவியலாளரோ அதற்கெனத் தகுதிபெற்ற சிறப்பு ஆசிரியரோதாம். தனியாரிடம் சென்றால் பல நூறு பவுண் செலவாகும். ஆனால் அறிக்கை வந்தபின்னரே உதவி என்றில்லை. தேவை தெரிந்தவுடன் உதவத் தொடங்குவது பாடசாலையின் கடமை. வீட்டில் தமிழும் பேசப்படுகிறது என்பதை மதிப்பீட்டாளரிடம் மறைக்காதீர்கள். மொழித் தடுமாற்றத்தையும் எண் தடுமாற்றத்தையும் அவர் பிரித்தறிய அது உதவும்.

தேவை கடுமையானதாயின், கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டை உள்ளூராட்சி மன்றத்திடம் நீங்களே நேரடியாகக் கோரலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. மதிப்பீடு செய்வதா என்பதற்கு 6 வாரத்துள் பதில், முழு நடைமுறைக்கு 20 வாரம் என்பது விதித்த காலவரையறை.

காலந்தாழ்த்துவதற்கு விலையுண்டு. இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் 25 வாய்ப்பாட்டு வினாக்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடியில் விடையளிக்க வேண்டும். ஜீசீஎஸ்ஈ கணிதத்தில் 4ஆம் தரம் பெறாதவர், பதினாறு வயதுக்குப் பின் கல்வியைத் தொடரும்போதும் கணிதத்தைப் படித்தே ஆகவேண்டும். தேவை முறையாக நிறுவப்பட்டால், தேர்வில் 25 விழுக்காடு வரை மேலதிக நேரம் கிடைக்கக்கூடும். நம் வெட்கம் அந்த வாய்ப்பைப் பறிக்கலாமா?

வீட்டிலும் உதவலாம். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள். நம் மொழியில் பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருப்பதைக் காட்டுங்கள். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.

தாலந்து உவமையைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம். ஐந்து பெற்றவனையும் இரண்டு பெற்றவனையும் தலைவர் ஒரே சொற்களால் பாராட்டினார் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

அந்தத் தாயிடம் நான் கூறியது இதுவே: “அந்தப் படிவத்தில் கையொப்பமிடுங்கள், அம்மா. பெயர் தெரியாத இடர்ப்பாட்டுக்குத்தான் பிள்ளை இதுவரை ‘மக்கு’ என்று தானே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்.” பாடசாலைச் சந்திப்புக்குத் தனியே செல்லத் தயங்குவோர் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை